காட்டுப்பாக்கத்தில் நிற்காத பஸ்

தங்கவேலின் வலது கை ஆள்காட்டி விரலை ஒரே மாதத்தில் மூன்று தடவை கடித்துவிட்டாள் அவன் மகள் சொர்ணம். அவளுக்கு ஐந்து வயது. பஸ் கண்டக்டருக்கு மற்ற விரல்கள் எப்படிப் போனாலும் ஆள்காட்டி விரல் வேண்டும். எச்சில் தொட்டு டிக்கெட் கிழிப்பது அதுதான். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே போகச் சொல்வதும் அதுதான். மூன்றாவது தடவை, விரலில் துணி சுற்றிக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றவனை டிரைவர் ஜெயராமன் ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா மாமே, நாயா?"

"பொண்ணு."

"ஊசி போட்டுக்கினியா?"

தங்கவேல் வெற்றிலையை மடித்து, கொஞ்சம் புகையிலை வைத்து, வாயில் அடக்கிக்கொண்டு விசில் கொடுத்தான்.

கடிபட்ட கதை எல்லாம் பல் விளக்கப் போன கதைதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடு போட்ட வரிசை வீடுகள் எட்டு இருந்தன. எட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. விடிந்ததும் அந்தக் கிணற்றடியில் சொர்ணத்தின் அலறல் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் யாரையோ அடித்துக் கொல்கிறார்கள் என்று ஓடிவருவார்கள். வந்து பார்த்தால், ஒரு கையில் மகளின் தாடையும் மறு கையில் சாம்பலுமாகக் கன்னியம்மா நின்றிருப்பாள்.

கன்னியம்மா சளைக்கிற பெண்பிள்ளை இல்லை. சாம்பலை வைத்துப் பார்த்தாள். சொர்ணம் அதை அம்மாவின் முகத்திலேயே துப்பினாள். உப்பை வைத்தாள், மகள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். வேப்பங்குச்சியைக் கொடுத்தாள், அது சுவரைத் தாண்டிப் பறந்து பக்கத்து வீட்டு முத்தம்மாளின் ரசத்தில் விழுந்தது. "ரசத்துல வேப்பம்பூ போடுவாங்க, குச்சியா போடுவாங்க?" என்று முத்தம்மாள் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். கடைசியாக, ரோஜா நிறத்தில் வாசனையாக வரும் பல்பொடி டப்பா ஒன்று வாங்கி வந்தார்கள். சொர்ணத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தித்திப்பாக இருந்ததால் உள்ளங்கையில் கொட்டி நக்கியே ஒரு வாரத்தில் டப்பாவைக் காலி செய்தாள். பல்லில் மட்டும் ஒரு சிட்டிகைகூடப் படவில்லை.

"உடு புள்ளே. பால் பல்லுதான? எப்புடியும் உயுந்துடப் போவுது" என்பான் தங்கவேல்.

"உனுக்கு இன்னாயா, நீ பஸ் ஏறிப் பூட்டுவே" என்பாள் கன்னியம்மா.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் சொர்ணத்துக்குக் கன்னம் வீங்கிவிட்டது. வழக்கமான அலறல் வேறு, அன்றைய அழுகை வேறு என்பது பெற்றவர்களுக்குக் கேட்டவுடனே தெரிந்தது. சத்தமே போடாமல், கன்னத்தை அம்மாவின் தோளில் அழுத்திக்கொண்டு முனகினாள். தங்கவேல் லீவு சொல்லிவிட்டு, பஜாரில் இருந்த பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் வாயைத் திறந்து, சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பல்லு ஓட்டை. கீழே வலது பக்கம். என்ன போட்டுப் பல் விளக்கறீங்க?"

"வெளக்குறதே இல்ல டாக்டர்" என்றாள் கன்னியம்மா, உண்மையை மறைக்கத் தெம்பில்லாமல்.

"பால் பல்லுதான சார், உயுந்துரும்னு…" என்று தங்கவேல் ஆரம்பித்தான்.

"விழற வரைக்கும் அது சோறு திங்க வேணாமா? முன்பல்லு ஆறு வயசுல விழும். கடவாய்ப் பல்லு பத்து, பதினொண்ணு வரைக்கும் இருந்தாகணும். அது சொத்தையாகிச் சீக்கிரம் போச்சுன்னா, பின்னால வர்ற பல்லு தாறுமாறா முளைக்கும்." டாக்டர் மருந்து வைத்து அடைத்தார். "சின்ன பிரஷ் வாங்கு. காலையில ஒருவாட்டி, படுக்கறதுக்கு முன்னால ஒருவாட்டி. அவ கையில குடுத்துட்டு நீ போயிடக் கூடாது. பெரியவங்க யாராவது கூட இருந்து தேச்சு விடணும். ஒரு பல்லு விடாம."

"கடிக்கிறாளே டாக்டர்."

டாக்டர் அவன் விரலைப் பார்த்தார். கடைவாயில் சிவந்திருந்த வெற்றிலைச் சாற்றையும் பார்த்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

சிவப்புப் பிடி போட்ட சின்ன பிரஷ் ஒன்று வந்தது. கூடவே ஒரு பேஸ்ட்டு. முதல் நாள் அந்த பிரஷால் சொர்ணம் மரப்பாச்சிக்குத் தலை வாரினாள். இரண்டாம் நாள் முத்தம்மாள் வளர்த்த கோழியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு இறக்கை இறக்கையாகத் தேய்த்துவிட்டாள். கோழி சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. "உன்னிய வுட அந்தக் கோழி தேவல" என்று சொல்லி, பிரஷைப் பிடுங்கி வெந்நீரில் போட்டாள் கன்னியம்மா.

மூன்றாம் நாள் தங்கவேலுக்கு வார ஓய்வு. "இன்னிக்கு நீயே பாரு. நான் பாத்தது போதும்" என்று கன்னியம்மா மகளை அவன் முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். சொர்ணம் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கெஞ்சினான். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றான். பிறகு, மிட்டாயால்தான் இந்த வினையே வந்தது என்று ஞாபகம் வந்து அதை வாபஸ் வாங்கினான். அதில் சொர்ணத்துக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. பிரஷை உதட்டருகில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புவாள்; திரும்பிய பக்கம் கொண்டுபோனால் மறுபடி இந்தப் பக்கம். கால் மணி நேரம் இப்படியே போயிற்று. தங்கவேலுக்குப் பொறுமை போய்விட்டது. பொறுமை போனால் அவன் வாயில் வருவது ஒரே பேச்சுதான். பதினொரு வருஷம் தொண்டை கிழியப் பேசிய பேச்சு அது.

"உள்ள போ, உள்ள போ! படிக்கட்டுல நிக்காதே! உள்ளதான் எடம் கீதே, அப்புறம் இன்னா?"

சொர்ணத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததும் வாய் திறந்தது. பிரஷ் உள்ளே போய்விட்டது.

தங்கவேல் ஒரு கணம் திகைத்தான். கடிபடப்போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டான். கடி விழவில்லை. வாயில் பிரஷோடு மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்தது என்ன என்பதைப்போல.

"பூந்தமல்லி" என்றான் மெதுவாக, மேல்வரிசையில் வலது பக்கக் கடைசிப் பல்லைத் தேய்த்தபடி. "பூந்தமல்லி ஏறு, ஏறு… ஆச்சா? ரைட். கரையான்சாவடி! கரையான்சாவடி எறங்கு!"

சொர்ணம் இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தாள்.

"குமணன்சாவடி! கூட்டம் ஜாஸ்தி, நல்லா தேய்க்கணும். காட்டுப்பாக்கம். ஐயப்பன்தாங்கல். போரூர்…" ஐயப்பன்தாங்கலும் போரூரும் முன்பல் இரண்டாக அமைந்தன. அங்கிருந்து வளசரவாக்கம், விருகம்பாக்கம், சாலிகிராமம் என்று இடது பக்கம் போய், வடபழனியில் மேல்வரிசை முடிந்தது. எண்ணிவைத்தாற்போல் பத்துப் பல்லுக்குப் பத்து ஸ்டாப். தங்கவேலுக்கே மெய்சிலிர்த்தது. கீழ்வரிசை, வடபழனியிலிருந்து பூந்தமல்லிக்குத் திரும்பி வருகிற வண்டி. கடைசியில், "எல்லாம் எறங்கு, வண்டி ஷெட்டுக்குப் போவுது!" என்றதும் சொர்ணம் கிணற்றடியில் எக்கித் துப்பினாள்.

உள்ளிருந்து எட்டிப் பார்த்த கன்னியம்மா, சத்தமே இல்லாமல் ஒரு காரியம் நடந்து முடிந்திருப்பதை நம்பாமல், மகளைக் கூப்பிட்டு வாயை முகர்ந்து பார்த்தாள்.

"நைனா, மறுபடி எப்ப பஸ்ஸு?" என்று கேட்டாள் சொர்ணம்.

"ராத்திரி சோறு துன்னுட்டு ஒரு ட்ரிப்பு" என்றான் தங்கவேல். டாக்டர் சொன்ன கணக்கும் சரியாகப் போயிற்று.

இந்தச் சங்கதி ஒரு வீட்டோடு நிற்கவில்லை. மூன்றாம் நாள் முத்தம்மாளின் மூன்று பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்தில் பதினொரு பேர். பிரஷ் இல்லாதவர்கள் விரலிலேயே பொடியைத் தொட்டுக்கொண்டு வந்தார்கள். தினமும் காலை வண்டிக்குப் போவதற்கு முன்னால் தங்கவேல் கிணற்றடியில் நின்று விசில் ஊதி, ஸ்டாப் பெயர் கூவி, பதினொரு வாயையும் ஓட்ட வேண்டியதாயிற்று. ஒரு விசில் நிறுத்தம், இரண்டு விசில் புறப்பாடு. பெரிய பிள்ளைகள் தாங்களே தேய்த்துக்கொள்ள, சின்னதுகளின் தாடையைப் பிடித்து அவன் தேய்த்துவிடுவான்.

தகராறுகளும் வந்தன. முத்தம்மாளின் மூத்தவன் மனோகரனுக்கு ஏழு வயது. அவன் பிரஷைச் சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் துப்புவான். கேட்டால், "என்து எக்ஸ்பிரஸ்ஸு. நடுவுல நிக்காது" என்பான்.

"நிக்காத ஸ்டாப்புலதான்டா பூச்சி ஏறிக்கும். ஏறி ஒக்காந்துகினு பல்லத் துன்னும்" என்றான் தங்கவேல். அவன் சும்மா சொல்லிவைத்தது. சொர்ணம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொருவன் வாயாகக் குனிந்து பார்த்து, "இவன் விருகம்பாக்கத்துல நிக்கல நைனா!" என்று புகார் சொல்வது அவள் வேலையாயிற்று. அந்த அதிகாரத்துக்கு அடையாளமாக, உள்ளிருக்கும் பட்டாணி தேய்ந்துபோன பழைய விசில் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினான் தங்கவேல். அதுதான் அவன் செய்த பிசகு.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, வீக்கம் வடிந்ததற்கு நேர்த்திக்கடனாக வடபழனி முருகன் கோயிலுக்குப் போகக் கன்னியம்மா மகளோடு கிளம்பினாள். புருஷனுடைய பஸ்ஸிலேயே ஏறினாள். சொர்ணம் அதுவரை அந்த ரூட்டில் பஸ் ஏறியதில்லை. கரையான்சாவடி என்று ஒரு இடம் நிஜமாகவே இருக்கிறது, அங்கே பெட்டிக்கடையும் மாட்டு வண்டியும் நிற்கின்றன என்பதைக் கண்டு அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. நாக்கால் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குமணன்சாவடியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் பரந்தாமன் ஏறினார். ஏறினதும் பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது. அவர் அப்படிப்பட்ட மனிதர். முரட்டு மீசை. உதடு பிரியாமல், தபால் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் பேசுவார். இன்ஸ்பெக்டராக வந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று டிப்போவில் சொல்வார்கள். முன்னாலிருந்து ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காட்டுப்பாக்கம் வந்தது. "காட்டுப்பாக்கம் எறங்குறது கீதா?" என்று தங்கவேல் குரல் கொடுத்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்டாப்பிலும் ஒரு ஆள் இல்லை, ஒரு வெள்ளாடுதான் நின்றது. "போலாம் ரைட்!" ஜெயராமன் வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப் போனான்.

அடுத்த நொடி காது கிழிய ஒரு விசில் கேட்டது.

ஜெயராமனின் கால் தன்னால் பிரேக்கில் விழுந்தது. பஸ் குலுங்கி நட்டநடு ரோட்டில் நின்றது. செம்பரம்பாக்கத்துக்காரம்மா ஒருத்தி சந்தைக்குக் கொண்டுபோன கத்தரிக்காய்க் கூடை கவிழ்ந்து, காயெல்லாம் உருண்டோடியது. நின்றிருந்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் சாய்ந்தார்கள். பரந்தாமன் ஒரு கத்தரிக்காயின் மேல் கால் வைத்து, வழுக்கி, நடு வழியில் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பி சீட்டுக்கடியில் போயிற்று.

தங்கவேல் ஓடிவந்து கைகொடுத்தான். பரந்தாமன் அந்தக் கையைத் தொடாமல் தானே எழுந்தார். தொப்பியை எடுத்துத் தட்டினார்.

"விசில் அடிச்சது யாரு?"

கன்னியம்மா மகளை முந்தானைக்குள் இழுக்கப் பார்த்தாள். சொர்ணம் திமிறிக்கொண்டு சீட்டின் மேல் ஏறி நின்றாள்.

"நான்தான் அடிச்சேன். காட்டுப்பாக்கத்துல நிக்கவே இல்ல."

"அங்க யாரும் இறங்கல. ஏறவும் இல்ல. எதுக்கு நிக்கணும்?"

"நிக்கலைன்னா பூச்சி ஏறிக்கும்."

"எந்தப் பூச்சி?"

இவ்வளவு பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சொர்ணத்துக்கு இரக்கமாக இருந்தது. வாயை அகலத் திறந்து, விரலால் நாலாவது பல்லைத் தொட்டுக் காட்டினாள். "இதோ பாரு, இது பூந்தமல்லி. இது கரையான்சாவடி. இது குமணன்சாவடி, இங்கதான் நீ ஏறுன. இதான் காட்டுப்பாக்கம். முன்னால ரெண்டு கீதே, அது ஐயப்பன்தாங்கலும் போரூரும்." முன் சீட்டிலிருந்தவர்கள் எழுந்து அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்தவர்கள், "இன்னாவாம், இன்னாவாம்?" என்று கேட்டார்கள்.

பரந்தாமனும் குனிந்து பார்த்தார். போரூர் வரைக்கும் பார்த்தார். அவர் மீசை லேசாகத் துடித்தது. உதட்டை இறுக்கினார். தும்மல் வருவதுபோல் மூக்கு விடைத்தது. பிறகு அணை உடைந்தாற்போல ஹாஹாவென்று வாய் விட்டுச் சிரித்துவிட்டார்.

சொர்ணம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ நைனா! இவருக்கு ஐயப்பன்தாங்கலும் போரூரும் காணோம்! காட்டுப்பாக்கத்துலேந்து நேரா வளசரவாக்கம்தான் கீது!"

தங்கவேல் கண்ணை மூடிக்கொண்டான். பதினொரு வருஷ வேலை பஸ்ஸோடு போயிற்று என்றே நினைத்தான். ஆனால் பரந்தாமனால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கையால் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்துப் பஸ் முழுக்கச் சிரித்தது. ஜெயராமன் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து குலுங்கினான். கத்தரிக்காய்க்காரம்மா மட்டும் சிரிக்காமல், "சிரிச்சது போதும், கால் கீழ பாத்து எடுத்துக் குடுங்க" என்றாள். ஆளாளுக்குக் குனிந்து பொறுக்கிக் கூடையில் போட்டார்கள்.

போரூரில் பரந்தாமன் இறங்கும்போது தங்கவேலையும் கீழே கூப்பிட்டார். மறுபடி உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சிரிச்சது வேற, ரிப்போர்ட் வேற. கண்டக்டர் விசில் குழந்தை கழுத்துல. எழுதத்தான் எழுதுவேன்."

"சரிங்க சார்."

"வாயைத் திற."

"சார்?"

"திறய்யா." தங்கவேல் திறந்தான். பரந்தாமன் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "எனக்கும் இப்படித்தான் இருந்தது. கண்டக்டரா இருந்தப்ப பன்னெண்டு வருஷம், விடிஞ்சா எழுந்தா வெத்தலையும் பொகையிலையும். நாப்பது வயசுல முன்பல்லு ரெண்டும் ஆடிச்சு. ஒருநாள் முறுக்கு கடிச்சேன், முறுக்கோட வந்துடுச்சு. அன்னையிலேந்து சிரிக்கிறதில்ல. இவன் முசுடுன்னு நீங்கல்லாம் பேசிக்கிறது எனக்குத் தெரியும்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "உனக்குக் கீழ்வரிசை ஆட ஆரம்பிச்சிருக்கு. பாப்பா சொல்றதைக் கேளு."

வடபழனியில் கன்னியம்மாவும் சொர்ணமும் சாமி கும்பிட்டார்கள். தங்கவேல் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். கீழ்ப்பல் ஒன்றை நாக்கால் தள்ளினான். அசைந்தது. எத்தனை நாளாக அசைகிறதென்று தெரியவில்லை. மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தான், திரும்ப வைத்தான், மறுபடி எடுத்து, வழியில் போன மாட்டுக்குக் கொடுத்தான். மாடு வெற்றிலையைத் தின்றுவிட்டுப் புகையிலையை விட்டுவிட்டது.

மறுநாள் காலை பதினொரு பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்திருக்க, பன்னிரண்டாவதாகத் தங்கவேல் போய் உட்கார்ந்தான். கையில் புது பிரஷ். மகளிடம் நீட்டினான்.

"எனுக்கும் ஒரு ட்ரிப்பு அடி."

சொர்ணம் அவன் தாடையைப் பிடித்துத் தூக்கி, உள்ளே பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "இன்னா நைனா, ரோடெல்லாம் செம்மண்ணா கீது!" பிள்ளைகள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். மனோகரன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். சொர்ணம் பூந்தமல்லியில் வண்டியை எடுக்கப் போனவள், அதற்கு அப்பாலும் பல் இருப்பதைக் கண்டு நிறுத்தினாள்.

"பூந்தமல்லிக்குப் பின்னாலயும் போவுதே!"

"அது நசரத்பேட்டை" என்றான் தங்கவேல், வாயில் பிரஷோடு. "அதுக்கப்பால செம்பரம்பாக்கம்."

"அந்தாண்ட?"

"வடபயனி தாண்டி கோடம்பாக்கம். நுங்கம்பாக்கம்."

"உனுக்கு மட்டும் இத்தினி ஸ்டாப்பா?" சொர்ணத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியவளானால் அவளுக்கும் வரும் என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் வண்டி கிளம்பியது. கிளம்பினதும் அவள் இரக்கம் காட்டவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அழுத்தித் தேய்த்தாள். ஈறில் ரத்தம் கசிந்தது. "மெள்ளமா, மெள்ளமா" என்று தங்கவேல் குழறினான். கன்னியம்மா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் அவளுடைய அந்தச் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரிப்போர்ட் தன் வேலையைச் செய்தது. பத்து நாளைக்கு அவனை ஆவடி போகும் வண்டியில் மாற்றிப் போட்டார்கள். கடைசி வண்டியை விட்டுவிட்டு அங்கேயே படுத்து, விடிந்ததும் முதல் வண்டியை எடுக்க வேண்டும். வீட்டுக்கு வர வழியில்லை. தங்கவேலுக்குப் பத்து நாளும் ஒரே கவலை. பிள்ளைகளுக்கு யார் ஸ்டாப் கூவுவார்கள்? கன்னியம்மா இரண்டு தடவைதான் அந்த ரூட்டில் போயிருக்கிறாள். வெற்றிலை இல்லாத வாய் வேறு நமநமவென்றது. பிரயாணிகளிடம் எரிந்து விழுந்தான். காலையில் குழாயடியில் அவன் பிரஷும் கையுமாக உட்கார்ந்து ஊர் ஊராகப் பெயர் சொல்லித் தேய்ப்பதைப் பார்த்து, மற்ற கண்டக்டர்கள் இவன் ரூட்டை மறந்துபோய்ப் பாடம் செய்கிறான் என்று நினைத்தார்கள். ஐந்தாம் நாள் தாங்க முடியாமல் ஒரு வெற்றிலை போட்டான். புகையிலை போடவில்லை. ஏழாம் நாள் அதையும் விட்டான்.

பதினோராம் நாள் காலை, பூந்தமல்லியில் இறங்கியதும் இறங்காததுமாக விசிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினான். அலறல் எதுவும் கேட்கவில்லை. கிணற்றடியில் பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் வாயிலும் நுரை. ஆள் ஆளுக்குத் தன்பாட்டில் தேய்த்துக்கொண்டே, மனோகரன் ஓணான் பிடித்த கதையை நடுநடுவே துப்பித் துப்பிச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாவும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பல் தேய்த்தபடி, முத்தம்மாளின் கடைசிக் குழந்தைக்கு இன்னொரு கையால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஒரு ஸ்டாப்பையும் கூவவில்லை.

"எப்புடி புள்ளே?" என்றான் தங்கவேல்.

கன்னியம்மா வாயைக் கொப்புளித்தாள். "மொத நாளு நான் போரூருக்கு அப்பால காட்டுப்பாக்கம்னு சொல்லிட்டேன். பெரிய சண்டையாப் பூட்ச்சி. எனுக்குத் தெரிஞ்ச ரூட்டு அடுப்பு, கெணறு, ரேஷன் கடதான்னு சொல்லிட்டேன். நானும் தேய்க்கிறேன், நீங்களும் தேய்ங்க, முடிச்சதும் ஒருத்தன் வாய ஒருத்தன் பாருங்கன்னு ஒக்காந்துட்டேன். ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிகினு தேய்ச்சிதுங்க. அப்பால சரியாப் பூட்ச்சி."

தங்கவேல் மகளிடம் போய்க் குந்தினான். "இன்னாம்மா, இன்னிக்கு பஸ்ஸு வுடலையா?"

சொர்ணம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கடைசிப் பல்லை முடித்து, எக்கித் துப்பி, வாயைக் கொப்புளித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு நைனா."

தங்கவேல் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மனோகரன் விட்ட இடத்திலிருந்து ஓணான் கதையைத் தொடர்ந்தான். ஓணான் அவன் சட்டைக்குள் புகுந்துவிட்ட இடம் வந்ததும், தங்கவேலும் நகர்ந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான்.

"வந்ததே வந்தே, ரெண்டு கொடம் எறச்சி ஊத்துயா" என்றாள் கன்னியம்மா.

அவன் எழுந்து கயிற்றைக் கையில் எடுத்தான். "இரு. அந்த ஓணான் இன்னா ஆச்சின்னு கேட்டுக்கினு வரேன்."